‘தெரியல’ என்று சொல்லத் தெரிந்த பள்ளி

மார்ச் 2, திங்கள்

தண்ணீர்த்தொட்டிப் பள்ளியில் கண் பரிசோதனை முடிந்தது. ஐம்பத்து நான்கு பிள்ளைகள், நூற்றெட்டுக் கண்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி, இடது கண்ணை மூடு என்றால் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, “இப்ப உங்களையே காணோம் கண்ணக்கா” என்றாள். எட்டு வருடமாக ஐந்து பள்ளிகளிலும் எனக்கு அதுதான் பெயர். அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் கட்டமாக ஒரு பெரிய தாள். என் வீட்டுக்காரர் வேலைதான். எங்கள் மகள் சுண்டெலிக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. எங்கள் கல்வி வட்டத்தில் ஐந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள். அதில் மூன்றை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் பத்து கடைசி நாள்.

“லிஃப்ட்ல ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்க்கிறேன். பெத்த பொண்ண ஒரு பள்ளிக்கூடத்துல ஏத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டாமா?” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

இடது பக்கம் ஐந்து பள்ளிகள். மேலே ஒன்பது தலைப்புகள்: தேர்வு மதிப்பெண், வகுப்புக்கு எத்தனை பேர், கழிப்பறை, நூலகம், நடை தூரம், இன்னும் என்னென்னவோ. கடைசிக் கட்டம் ‘கண்’. “அது உனக்கு” என்றார், ஏதோ நிலத்தை என் பெயருக்கு எழுதி வைத்த மாதிரி.

மார்ச் 4, புதன்

அடுத்த தெருவிலிருந்து அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணி மகள் பூங்காப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எப்போதும் முதல் இடம். எட்டு வயதில் எண்பது வயதுப் பேச்சு, அதனால் வீட்டில் மந்திரியம்மா.

அண்ணி அட்டவணையை மேலிருந்து கீழ் வரை படித்தார். “இதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய தாள்? பூங்காப் பள்ளி, பூங்காப் பள்ளி, பூங்காப் பள்ளின்னு மூணு தடவை எழுதிக் குடுத்துட்டு வா.”

“மூணும் வேற வேறயா இருக்கணும் அக்கா.”

“அப்ப முதல்ல அத எழுது. மத்த ரெண்டையும் கோழி கிறுக்கின மாதிரி எழுது. படிக்கவே முடியாதபடி.”

வட்டத்தின் தேர்வுப் பட்டியலில் பூங்காப் பள்ளி முதலாவது. ரயில்கேட் பள்ளி ஐந்தாவது. அதற்குக் கீழே பள்ளியே இல்லை.

மார்ச் 9, திங்கள்

ரயில்கேட் பள்ளி.

அங்கே போகும் நாளில் தொண்டைக்கு வேலை அதிகம். அரை மணிக்கு ஒரு ரயில். அது போய் முடியும்வரை யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆசிரியையிலிருந்து கடைசி பெஞ்சு வரை எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிறார்கள். இந்த வட்டத்திலேயே தண்ணீர் நன்றாகக் குடிக்கும் பிள்ளைகள் இவர்கள்தான். அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

தாழ்வாரத்தில் டேப் வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிய ‘ட’, கீழே போகப்போக எறும்பு அளவில் ‘ப ட ம ய க ல’. ஒவ்வொருவராக வந்து ஒரு கண்ணை மூடிப் படிக்க வேண்டும்.

இங்கே பிள்ளைகளுக்கு வெட்கமே கிடையாது. “மேல ஒரு வீடு மாதிரி தெரியுது. கீழ எல்லாம் தெரியல!” என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கத்தினாள். வரிசையில் பின்னால் நின்றவள், “எனக்கும் தெரியலன்னு நினைக்கிறேன், என்னையும் பாருங்க” என்று முண்டியடித்தாள். அறுபத்தொரு பேரில் பன்னிரண்டு பேருக்குக் குறை. எல்லா வருடமும் இப்படித்தான்.

தலைமையாசிரியைக்கு ரயிலை விட ஒரு படி கூடக் குரல். நான் கண்ணாடிக்குச் சீட்டு எழுதி முடிப்பதற்குள் பெயர்களைக் கேட்டு, நின்ற இடத்திலிருந்தே வகுப்புக்குள் உத்தரவு போட்டார்: “டீச்சர், இந்தப் பன்னெண்டு பேரும் கண்ணாடி வர்ற வரைக்கும் முன் பெஞ்சு. முன்னாடி இருக்கிற நெட்டைங்க எல்லாம் பின்னாடி போங்க. அழுகிறவங்க அழுதுக்கிட்டே போகலாம்.”

குறையும் இருக்கிறது. மாடியில் ஒரு அறை ஒழுகுகிறது. கணக்கு ஆசிரியர் இடம் ஆறு மாதமாகக் காலி.

மார்ச் 10, செவ்வாய்

ரயில்கேட், ‘கண்’ கட்டம்: 12. அவர் சிவப்புப் பேனாவால் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டார். “கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு” என்றார்.

மார்ச் 16, திங்கள்

பூங்காப் பள்ளி. காலணிகள் கூட வாசலில் அணிவகுத்து நிற்கின்றன. ஐம்பத்தெட்டுப் பேரும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு வரிசை. யாரும் சிரிக்கவில்லை, முண்டவில்லை. ட முதல் ல வரை மளமளவென்று படித்தார்கள். ஒவ்வொருவருக்கும் “வெரி குட்” சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. பத்தரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

குறை: பூஜ்யம். மூன்றாவது வருடமாகப் பூஜ்யம்.

தலைமையாசிரியர் என் பதிவேட்டைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, “எங்க பிள்ளைங்க எதுலயும் குறை வைக்க மாட்டாங்க” என்றார். மந்திரியம்மா வரிசையிலிருந்து எனக்கு ரகசியமாகக் கண்ணடித்தாள்.

வீட்டில் அவர் கட்டத்தில் 0 எழுதி அதைச் சுற்றி ஒரு சூரியன் வரைந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

எங்கள் சுகாதாரப் பிரிவு மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பூங்காப் பள்ளிக்கு ‘குறையில்லாப் பார்வை’ என்று ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். மேடையில் என்னையும் நிற்கச் சொன்னார். எந்த உடை போடுவது?

மார்ச் 21, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் அண்ணி, மந்திரியம்மாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையில் இரண்டும் பள்ளிக்கூட விளையாட்டு. மந்திரியம்மா ஆசிரியை, சுண்டெலி மாணவி.

“நீ எங்க ஸ்கூலுக்கு வரப்போறல்ல? அப்ப இதை இப்பவே கத்துக்கோ. சொல்லு... பட மய கல, பட மய கல.”

“பட மய கல” என்றது சுண்டெலி.

“வலது கண்ணுக்கும் அதேதான், இடது கண்ணுக்கும் அதேதான். கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம்.”

கையில் இருந்த தலையணை உறை அப்படியே நின்றது. உள்ளே போனேன். கோபப்படக்கூடாது என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், இது என்ன பாட்டு?

“கண் பரீட்சை பாட்டு அத்தை. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். நாலாவது அக்காங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நாங்க ரெண்டாவதுக்குச் சொல்லிக் குடுத்தோம்.”

“அட்டையைப் பார்த்துச் சொல்லலாமே கண்ணு?”

“பார்த்தா தப்பா வந்துரும்” என்றாள்.

பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு பேரையும் வெளியே அழைத்துக்கொண்டு போனேன். தெருமுனைப் பலகையைக் காட்டி, அது என்ன எழுத்து என்றேன். மந்திரியம்மா கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். என்னென்னவோ செய்தாள். ‘தெரியல’ என்ற ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

“போர்டுல எழுதுறத எப்படிடி படிக்கிற?”

“எதுக்குப் படிக்கணும்? மிஸ் எழுதும்போதே வாயால சொல்லுவாங்க. நான் காதுலயே வாங்கிப்பேன்.” அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்தாள். “எல்லாத்தையும் சரியாச் சொன்னா நீங்க ‘வெரி குட்’னு சொல்வீங்கல்ல? தெரியலன்னு சொன்னவங்களுக்கு நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களாம். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு வெறும் சீட்டு மட்டும் எழுதிக் குடுத்தீங்களாம். அது வேற ஸ்கூல்.”

மார்ச் 22, ஞாயிறு

மூன்று வருடம். மூன்று பூஜ்யம். மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து.

தெரியல என்றால் நமக்கு இரண்டு அர்த்தம். கண்ணுக்குத் தெரியல, மண்டைக்குத் தெரியல. இரண்டுக்கும் ஒரே சொல். முதல் மார்க் பிள்ளை இரண்டாவதைச் சொல்லக் கூச்சப்பட்டு முதலாவதையும் விழுங்கிவிட்டது. அதை ஊட்டிவிட்டது யார்? வெரி குட், வெரி குட் என்று — நான்தானே!

மார்ச் 23, திங்கள்

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மனப்பாட விவரம், மூன்று வருடப் பதிவேடு, எல்லாம். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். “ஏம்மா... கேடயத்துல பேரு பொறிச்சாச்சேம்மா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரிக்கலாமா? வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், எழுத்துமூலம் விளக்கம் கொடு என்றார், ஐந்து பள்ளிகளையும் வேறு அட்டையில் மறுபடி பார் என்றார். ஒரு மாதம் கெடு.

மார்ச் 24, செவ்வாய்

விளக்கம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நான்கு இடத்தில் “என் தவறு” என்று வருகிறது. வீட்டில் அவர் படித்துவிட்டு, “ரெண்டு போதும்” என்று இரண்டை அடித்தார். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

மார்ச் 25, புதன்

பூங்காப் பள்ளி, மறுபரிசோதனை. இந்த முறை ஈ அட்டை. எல்லா வரியிலும் ஒரே ஆங்கில எழுத்து, ஈ. நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். போன வருடமே வந்து பிரிக்காமல் கிடந்தது, எழுத்து அட்டை பழகிய கை அதைத் தொடவில்லை.

“இது பரீட்சை இல்ல” என்று ஆரம்பித்தேன். யாரும் நம்பவில்லை. “ஈ எந்தப் பக்கம் பறக்குதுன்னு காட்டுங்க. பறந்து போயிட்டா, போயிடுச்சுன்னு சொல்லுங்க” என்றேன். இன்றைக்கு ஒருவருக்கும் வெரி குட் இல்லை. சரி, அடுத்தவங்க. சரி, அடுத்தவங்க. நாக்கு நுனிவரை வந்ததைப் பத்துத் தடவையாவது கடித்துக்கொண்டேன்.

ஏழாவதாக நின்ற ஒரு பையன் நாலாவது வரியில், “போயிடுச்சு” என்றான், மெதுவாக. நான் தலையாட்டினேன். வானம் இடியவில்லை. அதற்குப் பிறகு ஈக்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. ஐம்பத்தெட்டில் பதின்மூன்று!

மந்திரியம்மா மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை” என்றாள். சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் நான் கூட இருப்பேன் என்றேன்.

தலைமையாசிரியர் முகம் சுண்டிவிட்டது. “இதை அறிக்கையில போட்டே ஆகணுமா?” என்றார். போட்டாகிவிட்டது என்று நீட்டினேன். வழக்கம்போலத் தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளினார், கை போதவில்லை. பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை, “சார், நீங்களும் ஒரு தடவை ஈ பார்த்துடுங்களேன்” என்றார். எனக்கு வந்த சிரிப்பை டேப்பைச் சுருட்டிச் சமாளித்தேன்.

பார்த்தார். அவருக்கும் சீட்டு எழுதினேன்.

மார்ச் 26, வியாழன்

அண்ணி வீடு. அவரும் கூட வந்தார்.

“என் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றியா? வகுப்புல முதல் மார்க் வாங்குற பொண்ணுக்கு?”

“தெரியாதுன்னு சொல்லல அண்ணி. தூரத்துல சரியாத் தெரியல. கண்ணாடி போட்டா—”

“மூணு வருஷமா நீதானே பார்த்த?”

“ஆமா அண்ணி. நான்தான் பார்த்தேன். ஒழுங்காப் பார்க்கல” என்றேன்.

அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். கத்தத் தயாராக இருந்தவருக்கு எதிர்ப்பக்கம் ஆளே இல்லாமல் போனது. கடைசியில் தம்பியைப் பார்த்து, “நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற” என்று அவரைத் திட்டித் தீர்த்தார். பாவம், தான் வந்ததே அதற்குத்தான் என்று திரும்பி வரும்போது அவர் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

நாலு நாளாக அண்ணி போன் இல்லை. வீடு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

ரயில்கேட், ஈ அட்டை. அதே பன்னிரண்டு பேர். ஒருவர் கூடவில்லை, ஒருவர் குறையவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சரியக்குறி இந்தப் பள்ளிக்குப் போட்டிருக்கவே கூடாது.

ஏப்ரல் 8, புதன்

நேற்றும் இன்றும் வீட்டில் மாநாடு.

நான் அட்டவணையில் பத்தாவதாக ஒரு கட்டம் போட்டேன்: ‘தெரியலன்னா தெரியலன்னு சொல்ல முடியுமா?’ ரயில்கேட்டுக்கு மட்டும் பெரிய டிக். தண்ணீர்த்தொட்டிக்குச் சின்ன டிக். பூங்காவுக்கு, பாவம், கேள்விக்குறி.

“ஒரே ஒரு கட்டம், மத்த ஒன்பதையும் தூக்கிச் சாப்பிடுமா?” என்றார்.

“பிரேக் சரியில்லன்னா கதவு அழகா இருக்குன்னு ஆளை ஏத்துவீங்களா?”

தொழிலைத் தொட்டுவிட்டேன். ஆனாலும் அவர் விடவில்லை: “கணக்கு டீச்சரே இல்லாத பள்ளிக்கூடம்டி அது. வெறும் வாய்க்கொழுப்பு மட்டும் கத்துக்கிட்டு வந்தா?”

நியாயம்தான். சண்டை மாதிரி ஆரம்பித்தது, கடைசியில் அவரே சொன்னார்: லீவு போட்டு நாளைக்குப் போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கிறேன், அதற்கப்புறம் பேசலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

போய்விட்டு வந்தார். காலை முழுக்க ஒன்றாம் வகுப்பில், சின்ன பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியையே கணக்குப் பாடம் எடுத்தாராம். கரும்பலகையில் ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டுவிட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குட்டி எழுந்து, “டீச்சர், தப்பு” என்றதாம்.

“அவங்க என்ன செஞ்சாங்க?”

“சாக்பீஸ அது கையில குடுத்து, ‘வா, வந்து திருத்து’ன்னுட்டாங்க. அது திருத்துச்சு. அதுவும் தப்பு! அப்புறம் மூணாவதா இன்னொண்ணு எழுந்து வந்துச்சு...” சொல்லும்போதே சிரிப்பு அடக்க முடியவில்லை. “ரயில்கேட்டுன்னே எழுதிக்குங்க மேடம், கணக்கு நான் வீட்டுல பார்த்துக்கிறேன்” என்றார், என்னிடம்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒன்று ரயில்கேட். இரண்டு தண்ணீர்த்தொட்டி. மூன்று பூங்கா. தெளிவான கையெழுத்தில்.

ஏப்ரல் 20, திங்கள்

கண்ணாடிகள் வந்தன. மந்திரியம்மா சிவப்புச் சட்டம் கேட்டிருந்தாள். போட்டதும் பள்ளி வாசலில் நின்று மரத்தைப் பார்த்தாள். “அத்தை, இலை எல்லாம் தனித்தனியா இருக்கு” என்றாள்.

தெருவில் போகிற வருகிற பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த அண்ணியை உற்றுப் பார்த்து, “அம்மா, உனக்கு மூக்குல ஒரு மச்சம் இருக்கே!” என்றாளே பார்க்கணும். அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. “சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார். போதும்.

மே 8, வெள்ளி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். சுண்டெலிக்கு ரயில்கேட். அங்கே இடத்துக்குப் போட்டியே இல்லை என்று அலுவலக உதவியாளர் சொன்னார், ஆறுதல் சொல்கிற குரலில்.

மே 12, செவ்வாய்

அண்ணி காதுக்குச் செய்தி போய்விட்டது. “அடிப்பாவி, கடைசிப் பள்ளியா!” என்று அரை மணி நேரம். பிறகு குரல் தணிந்து, தான் பூங்காப் பள்ளியில் மற்ற அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு கரும்பலகைக்கு மறு பூச்சுக் கேட்டதைச் சொன்னார். பளபளவென்று வெளிச்சம் அடிக்கிறதாம், எதுவும் தெரியவில்லையாம். தலைமையாசிரியர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாராம்.

மந்திரியம்மா இந்த முறை மூன்றாம் இடம். கவலையே படவில்லை. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்க்க ரொம்ப விஷயம் இருக்கிறதாம்.

ஜூன் 8, திங்கள்

முதல் நாள். அழவில்லை. சுண்டெலியைச் சொல்கிறேன்.

ஜூன் 19, வெள்ளி

கணக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் தினமும் மாலை லிஃப்ட் ஓடுகிறது. “அஞ்சாவது மாடியில நிக்கிற. மூணு மாடி இறங்கினா?” “ரெண்டு!” “அங்கிருந்து நாலு ஏறினா?” தரைக்குக் கீழே ஒரு மாடி உண்டா என்று நேற்றுக் கேட்டிருக்கிறாள். அவருக்கு ஒரே பூரிப்பு, கழித்தல் குறியைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு. தூங்கிப்போய்விட்டாள்.

ஜூலை 6, திங்கள்

சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியில் நாமே பரிசோதனை செய்யக்கூடாது என்று விதி. அதனால் ரயில்கேட்டுக்கு இந்த வருடத்திலிருந்து வேறொருவர். மூன்றரை மணிக்கு நான் வெறும் கையோடு, மற்ற அம்மாக்களோடு கேட்டில் நின்றேன். எட்டு வருடத்தில் இந்த வாசலுக்கு வெளியே நின்றதே இல்லை.

பக்கத்தில் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. போன வாரம்தான் இந்தப் பக்கம் குடி வந்தார்களாம். பெரியவளை எங்கே சேர்ப்பது என்று குழப்பம். “பட்டியல்ல இது கடைசின்னு போட்டிருக்கே, உங்க பாப்பா இங்கேயா படிக்குது?” என்றாள் தயங்கித் தயங்கி. “நல்ல பள்ளிக்கூடந்தானாங்க?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. “நாளைக்குக் காலையில பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உள்ள போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் மத்த நாலுலயும் போய் உட்காருங்க” என்றேன்.

மணி அடித்தது. கும்பலோடு கும்பலாகச் சுண்டெலியும் வந்தாள், ஒரு காலில் செருப்பு, மற்றது கையில். என்னைப் பார்த்து, “அம்மா, நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்த? போய் அங்க உட்காரு, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடிவிட்டாள்.

மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். கைக்குழந்தைக்காரி பக்கத்தில் இடம் கேட்டாள். நகர்ந்து கொடுத்தேன்.